விருந்தாளி நுழையாத சமையலறை

எங்கள் வீட்டு மாடியை நாங்கள் ஒருபோதும் வாடகைக்கு விட்டதில்லை. அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருந்த காலத்தில்கூட அம்மா தன் தையல் மிஷினை விற்றாளே தவிர, மாடிக்கு ஆள் தேடவில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெருவில் என்னைப்பற்றி இப்போது இரண்டு விதமான பேச்சு அடிபடுகிறது. ஒன்று, நான் ரகசியமாக வாடகை வாங்கினேன் என்பது. மற்றொன்று, நான் பத்துப் பேர் நடுவில் அழுதேன் என்பது. இரண்டும் பொய். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நான் பஸ் டிப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இல்லை. மகள் வேறு ஊரில் குடும்பம் நடத்துகிறாள். விடுமுறை நாட்களில் போன் செய்வாள். காலையில் சமையல்கார அம்மாள் வந்து இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சமைத்து, வாயும் அடித்துவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான். நான் நிமிர்ந்து நடப்பதால் தெருவில் எனக்குக் 'கம்பி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

மாடியில் இருப்பது ஒரே அறை. என் தம்பியின் அறை. அவன் வெளிநாட்டுக்குப் போனான். முதலில் எழுதினான், பிறகு எழுதவில்லை. அவன் போனதிலிருந்து நான் மாடிப்படி ஏறியதில்லை. முழங்கால் வலி.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பெரிய சலவைக்கூடம் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் சண்டை மூண்டபோது ஓடிவந்தவர்கள் பலருக்கு அங்கேதான் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெந்நீரில் அலசி, சூடான உருளைக்குள் விட்டு எடுத்து, இரண்டு பேராக நின்று மடிப்பார்கள். பக்கத்திலிருந்த கட்டடங்களில் வாடகைக்கு இருந்தார்கள். யாருக்கும் அவர்களால் தொந்தரவில்லை. இந்த நேரத்தில் ஆட்சி மாறியது, சட்டமும் மாறியது. இப்படி வந்தவர்கள் இனிமேல் வாடகைக்கு இருக்கக்கூடாது. உள்ளூர்க் குடும்பம் ஒன்று காசு வாங்காமல் தன் வீட்டில் ஒருவராக வைத்துக்கொண்டால் இருக்கலாம். இல்லையென்றால் ஊருக்கு வெளியே கம்பிவேலி போட்ட முகாமுக்குப் போகவேண்டும். முகாமிலிருந்து எங்கே அனுப்புவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு என்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் தெருக் கூட்டம் போட்டார்கள். அரசாங்கம் என்ன சொன்னாலும் நம் தெருவிலிருந்து ஒருவரும் முகாமுக்குப் போகக்கூடாது என்று மருந்துக்கடைக்காரர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். முடிவெட்டும் கடைக்காரர், ஒரே குளியலறை உள்ள வீட்டில், ஒரு கணவன் மனைவியை ஏற்றுக்கொண்டார். எனக்கு அது பொறுப்பில்லாத வேலையாகத்தான் பட்டது.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் என் வாசலுக்கு வந்தார்.

"ஐயா, உங்க மாடி சும்மாதானே கெடக்கு."

"சும்மா கெடக்கல. பூட்டியிருக்கு."

"யாருக்காகப் பூட்டியிருக்கு?"

அவரே தொடர்ந்தார். "கூட்டத்துல கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தீங்க. கைதட்டினதையும் பாத்தேன்."

"எல்லாரும் தட்டினாங்க. இந்த வீட்ல வாடகைக்கு விடற வழக்கமில்ல, உங்களுக்கே தெரியும்."

"வாடகை வாங்கினா உங்களத்தான் புடிச்சு உள்ள வெப்பாங்க. வாங்கக்கூடாதுங்கறதுதான் சட்டமே. விருந்தாளியா வெச்சுக்கங்க. விருந்தாளின்னா... வீட்டு மனுஷன் மாதிரி."

எனக்கு 'விருந்தாளி' என்ற வார்த்தையே போதுமானதாக இருந்தது. விருந்தாளியை எப்படி வைத்துக்கொள்வது என்பதை எங்கள் குடும்பத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சமையல்கார அம்மாளிடம் மாடிச் சாவியைக் கொடுத்து அறையைத் துடைத்துவைக்கச் சொன்னேன்.

சலவைக்கூடத்தில் வேலை செய்பவர் ஒருவர் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. காதோரம் நரை. ஒரே ஒரு துணிப்பை. வெந்நீரிலும் சலவைச் சோடாவிலும் ஊறி ஊறிக் கைவிரல்கள் வெளுத்திருந்தன. கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"உள்ள வந்து கழட்டலாம்" என்றேன்.

"பரவால்ல ஐயா."

எங்கள் மொழியை அவர் நன்றாகப் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் கண்ணாடிப் பாத்திரத்தைக் கீழே வைப்பதுபோல மெதுவாக வைத்துப் பேசுவார்.

எங்கள் வீட்டில் விருந்தாளிக்கென்று முறைகள் உண்டு. என் அப்பா கடைப்பிடித்தவை, அவருக்கு அவர் அப்பா சொன்னவை. விருந்தாளி சமையலறைக்குள் நுழையக்கூடாது. அங்கே நுழைந்தால் எது இருக்கிறது எது இல்லை என்று அவர் கண்ணில் பட்டுவிடும், பிறகு அவர் கூச்சப்பட்டுக் குறைவாகச் சாப்பிடுவார். வீட்டுத்தலைவன் விருந்தாளியோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. நின்று பரிமாற வேண்டும், அவர் எழுந்த பிறகுதான் தான் சாப்பிட வேண்டும். விருந்தாளியிடம் ஊர், உறவு, பிழைப்பு விசாரிக்கக்கூடாது. விசாரித்துவிட்டுப் போடும் சாப்பாட்டில் எடைபோடுவது கலந்துவிடும் என்பார் அப்பா.

இதில் ஒன்றைக்கூட நான் தளர்த்தவில்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளைக் கோப்பையும் சாசரும் எடுத்துவைத்தேன். நாங்கள் அதில் குடித்ததில்லை. அவர் சலவைக்கூடத்திலிருந்து திரும்பியதும் கூடத்து மேஜையில் சாப்பாடு வைப்பேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன்.

முதல் வாரத்தில் ஒருநாள் அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"நான் கழுவறேன் ஐயா."

"வைங்க."

"என் தட்டுதானே."

"இந்த வீட்ல விருந்தாளி தட்டு கழுவினதில்ல. வைங்க."

வைத்துவிட்டார். சமையலறை வாசற்படிக்கு அருகில் வந்து நின்றவர், அதைத் தாண்டாமல் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. சாப்பிடும் அளவும் குறைந்தது. வேலை அதிகம் போலும் என்று நினைத்தேன்.

சமையல்கார அம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"மேல இருக்கிறது மனுஷனா, அலமாரில வெச்ச பொம்மையா? லீவு நாள்ல வந்து பாத்தா ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

"அந்த ஜன்னல்ல நல்ல காட்சி. பாக்கட்டும்."

"என்ன காட்சி?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கீழ எறக்கிவிட்டா என்ன, தேஞ்சா போயிடுவாரு?"

"உன் வேலையப் பாரு."

"என் வேலையத்தான் பாக்கறேன். நீங்க நின்னுக்கிட்டே முறைச்சா எவனுக்குச் சோறு எறங்கும்? எனக்கே எறங்காது."

நான் முறைப்பதில்லை. என் முகமே அப்படித்தான்.

மாலை நேரத்தில் நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். முன்பெல்லாம் ரேடியோ வைப்பதுண்டு. அவர் வந்தபிறகு வைப்பதில்லை, விருந்தாளிக்கு இடைஞ்சலாக இருக்கும்.

இதற்கிடையில் முடிவெட்டும் கடைக்காரர் வீட்டில் பரிசோதனை நடந்தது. வீடுவீடாகப் போய், வைத்திருப்பவர்கள் உண்மையிலேயே ஒரே குடும்பமாக இருக்கிறார்களா என்று பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள். பல ஊர்களில் ஆட்கள் காசு வாங்கிக்கொண்டு முகவரியை மட்டும் கொடுத்திருந்தார்களாம். அதிகாரி உள்ளே நுழைந்தபோது வீட்டுக்காரியும் வந்தவரின் மனைவியும் துணி உலர்த்தும் கொடிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். "எங்க வீட்டுத் துணி காயவே இல்ல, உன் புடவ மட்டும் நாள்பூரா ஆடுது" என்று இவள் கத்த, அவள் தன் மொழியில் பதில் கொடுக்க, அதிகாரி வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, தேறியது என்று சொல்லிப் போய்விட்டாராம். முடிவெட்டும் கடையில் இதை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்னார்கள். விருந்தாளியிடம் கொடிக்குச் சண்டை போடும் வீட்டைப்பற்றி நான் என்ன சொல்ல.

என் வீட்டுக்கு வந்தது ஓர் இளம்பெண். கழுத்தில் அடையாள அட்டை, களைத்த கண்கள். விருந்தாளி அன்று வீட்டில் இருந்தார். அவளையும் முறைப்படி உட்காரவைத்து டீ கொடுக்கச் சமையலறைக்குத் திரும்பினேன்.

"நீங்க இருங்க சார். அவர் போடட்டும்" என்றாள்.

விருந்தாளி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் சமையலறை வாசற்படிவரை போய் நின்றார். வலது காலைத் தூக்கினார், கீழே வைத்தார். உள்ளே இருட்டாக இருந்தது. சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருக்கிறது; அது அவருக்குத் தெரியாது. சுவரைத் தடவினார்.

"டீத்தூள் எங்க இருக்கும்?" என்று அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"தெரியாதும்மா."

"சர்க்கரை?"

"தெரியாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இவருக்குக் குழந்தைங்க இருக்காங்களா சார்?"

"நான் கேட்டதில்ல."

"எந்த ஊர்லேருந்து வந்தார்?"

"கேக்கறது மரியாதையில்ல."

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க ரெண்டு பேரும்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடறதில்ல."

அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். சுவிட்சை அவளே தேடிப் போட்டாள். தட்டு வைக்கும் இடத்தையும் அலமாரியையும் பார்த்தாள். திரும்பி வந்து சாதாரணக் குரலில் கேட்டாள்: "மாசம் எவ்வளவு வாங்கறீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது அடைத்துக்கொண்டது. என் அப்பா கட்டிய கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்கிறாள்.

"இந்த வீட்ல..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயா ஒண்ணும் வாங்கல" என்றார் விருந்தாளி. "என்னை ரொம்ப மரியாதையா வெச்சிருக்கார்."

"தெரியுது" என்றாள் அவள். "லாட்ஜுலயும் மரியாதையாத்தான் வெச்சுப்பாங்க."

இன்னொரு தடவை வருவேன், முன்கூட்டிச் சொல்லமாட்டேன் என்றாள். அப்போதும் இப்படியே இருந்தால் அவர் முகாமுக்குப் போகவேண்டும். முகவரி விற்ற வீடுகளின் பெயர்களை நகரமன்ற வாசலில் எழுதிவைப்பார்கள், அதில் இந்த வீடும் சேரும். டீ குடிக்காமலே போய்விட்டாள்.

அன்று மாலையே தெரு திரண்டு வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் கொழப்பமில்ல ஐயா. டீத்தூள் எங்க, உப்பு எங்கன்னு அவருக்குச் சொல்லிக்குடுங்க. அவர் கதைய நீங்க மனப்பாடம் பண்ணிக்கங்க. அடுத்த தடவ பட்டுபட்டுன்னு பதில் சொல்லிடலாம்."

"என்னை நடிக்கச் சொல்றீங்களா?"

"நடிப்புன்னு ஏன் நெனைக்கறீங்க? பரீட்சைக்குப் படிக்கறதில்லையா?"

"என் வீட்ல நானே வேஷம் கட்டி ஆடமாட்டேன். இருக்கறத இருக்கறபடிதான் சொல்வேன்."

முடிவெட்டும் கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "போகப்போறது நீங்க இல்ல ஐயா. அவரு."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி" என்று எழுந்து போனார். போகும்போது வாசலில் யாரோ 'கம்பி வளையாது' என்று சொல்வது கேட்டது.

அடுத்த நாள் விருந்தாளி சாப்பிட உட்கார்ந்தபோது, வழக்கம்போல நின்றபடி விஷயத்தைச் சொன்னேன். பொய் சொல்லித் தருவது என்னால் ஆகாது, அதற்காக அவர் என்னைத் தவறாக எண்ணக்கூடாது என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு, "ஐயா, நீங்க எப்ப சாப்பிடுவீங்க?" என்றார்.

"நீங்க சாப்பிட்டப்புறம்."

"நீங்க சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல." தட்டை ஒரு விரலால் தள்ளிவைத்தார். "ஒரு வீட்ல இருந்தா ஏதாவது ஒரு பாத்திரமாவது கை தவறி ஒடஞ்சிருக்கும். நான் இங்க எதையும் ஒடைக்கல. அந்தப் பொண்ணு சொன்னது தப்பில்ல ஐயா."

எதிரில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இப்போது எழுதும்போது அந்த நாற்காலி கண்முன்னால் இருக்கிறது. நான் உட்காரவில்லை. முறை முறைதான்.

காலையில் அவர் இல்லை. செருப்பும் இல்லை. மாடிப்படியின் கீழ்ப்படியில் வெள்ளைக் கோப்பையும் சாசரும் கழுவித் துடைத்து, துண்டின்மேல் வைக்கப்பட்டிருந்தன. வெளிக்குழாயில் கழுவியிருக்கிறார். சமையலறைக்குள் கொண்டுவந்து வைக்க அவருக்கு அனுமதி இல்லையே. சமையல்கார அம்மாள் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கினாள். விரிப்பை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுபோல விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்திருக்கிறாராம்.

"தனியா நின்னு எப்படித்தான் மடிச்சாரோ" என்றாள்.

நடந்ததை மருந்துக்கடைக்காரர் விசாரித்துவந்து சொன்னார். அவராகவே முகாமுக்குப் போய், தன்னை உள்ளே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அவராகப் போய்விட்டால் இரண்டாவது பரிசோதனை கிடையாது. நகரமன்ற வாசலில் என் வீட்டுப் பெயர் வராது.

"உங்க மானத்தக் காப்பாத்திட்டாருய்யா" என்றார். குத்திக்காட்டினாரா இல்லையா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை.

சமையல்கார அம்மாள் அன்று ஒரு வார்த்தை பேசாமல் சமைத்துவைத்துவிட்டுப் போனாள். அவள் பேசாமல் போன ஒரே நாள் அதுதான். மாலையில் கூடத்தில் உட்கார்ந்தேன். இனிமேல் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, ரேடியோ போடலாம். போட்டேன். பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். மாடி நிசப்தமாக இருந்தது. தம்பி போன புதிதிலும் இப்படித்தான் இருந்தது; பிறகு பழகிவிட்டது. இந்தத் தடவையும் பழகும் என்று காத்திருந்தேன். அந்த வாரம் முழுவதும் காத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், "முகாமுக்கு எந்த பஸ்?" என்று கேட்டேன்.

"டிப்போவையே கட்டி ஆண்டவரு என்னைக் கேக்கறீங்களே" என்றார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

முகாம் என்பது வரிசையாகத் தகரக் கொட்டகைகள். நாங்கள் உட்காரவைக்கப்பட்ட அறையில் பெஞ்சு நிறைய ஆட்கள். திரும்ப அழைத்துப்போக வந்த குடும்பங்கள். ஒவ்வொருவராக மேஜைக்கு முன்னால் கூப்பிட்டு எல்லோர் காதிலும் விழும்படி விசாரித்தார்கள். மேஜையில் இருந்தது அதே பெண். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"நீங்களா. உக்காருங்க சார்."

நான் நின்றேன்.

"அவராத்தான் வந்தார். யாரும் இழுத்துட்டு வரல. அவரைத் திரும்ப அனுப்பணும்னா உங்களோட குடும்பமா இருந்தார்னு நான் நம்பணும். அவரைப்பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீங்களே சொன்னீங்க."

"அவரக் கேட்டதில்லன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

பின்னால் பெஞ்சில் மருந்துக்கடைக்காரர் இருந்தார். இங்கே நான் வாய் திறந்தால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தனியாக இருக்கும் கிழவன் மாலைப்பொழுதில் என்ன செய்கிறான் என்பது அவன் சொந்த விஷயம். அதை வெளியில் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேலை விட்டு வந்தா எடதுகாலக் கொஞ்சம் இழுத்துத்தான் மாடி ஏறுவார்" என்றேன். "காலைல எறங்கறப்ப அது இருக்காது. நாள்பூரா நின்னு செய்யற வேலை."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேல போனதும் ஒடனே படுக்கமாட்டார். ஜன்னல்லேருந்து கதவு வரைக்கும் நடப்பார். கதவுகிட்ட வந்து நிப்பார். எறங்கி வரப்போறார்னு தோணும். வரமாட்டார். திரும்பிடுவார். மழை பெஞ்சா நடக்கவே மாட்டார், உக்காந்துடுவார். சுவர்ப்பக்கமா ஒருக்களிச்சுத்தான் படுப்பார், கட்டில் அந்தப் பக்கம்தான் முனகும். டீயில சர்க்கரை போட்டா அடியில அப்படியே விட்டுடுவார், கலக்கமாட்டார்; போடாதீங்கன்னு சொல்லக் கூச்சம். தூக்கத்துல ஒரு பேரச் சொல்வார். பொண்ணு பேரு மாதிரி இருக்கும். அவர் மகளா, யாருன்னு எனக்குத் தெரியாது. கேக்கல."

அந்தப் பெண் மேஜைமேல் முன்னால் சாய்ந்தாள்.

"இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றாள்.

"கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"என்ன கேட்டுக்கிட்டு?"

"மாடிய."

பக்கத்துக் கதவருகே ஒரு காவலரோடு விருந்தாளி நின்றிருந்தார். எப்போது கூட்டிவந்தார்கள் என்று கவனிக்கவில்லை. அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். "இவரைப்பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் அந்த மெதுவான குரலில் சொன்னார்: "நான் மேல போனப்புறம் ஐயா சமையலறையில நின்னுக்கிட்டே சாப்பிடுவார். ஒரு தட்டு சத்தம் கேக்கும். சீக்கிரம் முடிஞ்சிடும். கொஞ்சமாத்தான் சாப்பிடறார். ரேடியோ வெக்கமாட்டார். வெளக்க அணைக்கறதுக்கு முன்னாடி மாடிப்படிகிட்ட வந்து நிப்பார். ரொம்ப நேரம் நிப்பார். ஏறமாட்டார்."

நான் அழுதேன் என்று மருந்துக்கடையில் சொல்லிக்கொள்கிறார்கள். நான் அழவில்லை. அந்தக் கொட்டகையில் தூசி அதிகம். மேஜைக்கு முன்னாலிருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது உண்மை. அதை மறுக்கமாட்டேன்.

அந்தப் பெண் பேனாவை மறுபடி கையில் எடுத்தாள். "மகளாங்க அது?" என்று அவரிடம் கேட்டாள், வேலைக்காகக் கேட்பதுபோல இல்லாமல்.

"ஆமாம்மா. அங்கயே இருக்கா."

எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "கூட்டிட்டுப் போங்க. அடுத்த உத்தரவு வர்றவரைக்கும்தான். அது எப்ப வரும், என்ன சொல்லும்னு எனக்கும் தெரியாது."

பஸ்ஸில் மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தோம்.

மறுநாள் மேஜையில் இரண்டு தட்டு வைக்கச் சொன்னேன். சமையல்கார அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு பேரும் உக்காந்துட்டா யாரு நின்னு முறைக்கிறது?" என்றாள். போகும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு அது பழக்கமில்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டதும் அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசற்படியில் ஒரு கணம் நின்றார்.

"சுவிட்ச் கதவுக்குப் பின்னாடி" என்றேன்.

விளக்கு எரிந்தது. என் அப்பா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். நானும் முறை தவறென்று சொல்லவில்லை. இவர் விருந்தாளி இல்லை, அதனால் அந்த முறை இவருக்குப் பொருந்தாது. அவ்வளவுதான்.

அவர் மாடிக்குப் போனார். இடதுகால் இழுத்தது. ஜன்னலிலிருந்து கதவுவரை நடந்தார், நின்றார். நான் மாடிப்படிக்கு அருகில் போய் நின்றிருந்தேன். மேலே கதவு திறந்தது.

"ஐயா, நான் எறங்கவா, நீங்க ஏறி வர்றீங்களா?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முழங்கால் வலித்தது, சொன்ன அளவுக்கு இல்லை. தம்பியின் கட்டில், தம்பியின் மேஜை, ஒரே ஒரு நாற்காலி. அவர் அதை எனக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். தம்பி இருந்த காலத்தில் அங்கே காலிமனையும் ஒரு பெரிய மரமும் இருந்தன. பக்கத்து வீட்டார் வீட்டைப் பெரிதாக்கிக் கட்டியதைத் தெருவிலிருந்து பார்த்திருக்கிறேன். இந்த ஜன்னலை நினைத்துப் பார்க்கவில்லை. கையெட்டும் தூரத்தில் பூசாத செங்கல் சுவர். ஒரு தண்ணீர்க் குழாய், அதன் கீழே ஈரம் படிந்த ஒரு கோடு. வேறொன்றுமில்லை.

"இதையா பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்றேன்.

"ஆமாங்கய்யா."

நானும் பார்த்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்சநேரம் கழித்து, மகளுக்கு என்ன வயது என்று கேட்டேன்.